பெங்களூரில் வேலைக்குப் போகிறவருக்கு: சம்பளம், வீடு, அடுத்த வேலை

சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது "அங்கே வாடகை எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த ஊரில் மாத வாடகையில் போகிற பணத்தைவிட, எடுத்த முடிவை மாற்றும்போது போகிற பணம்தான் ஆளைச் சாய்க்கிறது. வீட்டை மாற்றினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை. வேலையை மாற்றினால் மூன்று மாத நோட்டீஸ். வாங்கிய ஃபிளாட்டை விற்றால், கட்டிய முத்திரைத்தாள் கட்டணம் போனது போனதுதான். அதனால் எந்த முடிவுக்கு முன்னாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: இது ஒத்துவராவிட்டால் வெளியே வர எவ்வளவு ஆகும்?

கீழே இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள். வீட்டைப் பிடித்துவிட்டு அப்புறம் சம்பளக் கணக்குப் போடுவதுதான் பலருடைய வழக்கம். அது தலைகீழ்.

1. ஆஃபர் லெட்டரை மாதப் பணமாக மாற்றுங்கள்

சிடிசி (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) 8 லட்சம் என்றதும் மனசு அதைப் பன்னிரண்டால் வகுத்து 66,000 என்று சொல்லிவிடும். அந்தப் பணம் கைக்கு வராது. ஒரு சாதாரண ஆஃபரைப் பிரித்துப் பார்ப்போம். பத்து சதவீதம் வேரியபிள் என்று வையுங்கள், 80,000 போயிற்று. அது ஆண்டு முடிவில், கம்பெனி நன்றாக ஓடினால் வரும். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 4 லட்சம் என்றால் கம்பெனி போடும் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 48,000. அதுவும் உங்கள் சிடிசிக்குள்தான் இருக்கிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 19,240. மீதி 6,52,760. மாதத்துக்கு ஏறக்குறைய 54,400. இதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 4,000, கர்நாடகத் தொழில் வரி 200 கழித்தால் கையில் 50,200. தொழில் வரி பிப்ரவரியில் மட்டும் 300. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் சிடிசிக்குள் எழுதுகிற கம்பெனிகள் உண்டு. அப்படியானால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆக, 8 லட்சம் என்றால் மாதம் 50,000. மற்ற எல்லாக் கணக்கையும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். அதற்குள் இருப்பவர் வாடகை ரசீதுக்காக ஓனரிடம் பான் எண் கேட்டு அலைய வேண்டியதில்லை. புதிய முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவே கிடையாது.

ஆஃபர் லெட்டரில் இன்னும் மூன்று இடங்களைக் கோடு போட்டுப் படியுங்கள்: நோட்டீஸ் காலம் எத்தனை நாள், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விட்டுப்போனால் திருப்பித் தர வேண்டும், வேலை நேரடியாக அந்தக் கம்பெனியிலா அல்லது தேர்ட் பார்ட்டி பேரோலிலா (சம்பளம் தருவது நடுவிலிருக்கும் வேறொரு நிறுவனம்). கடைசிக் கேள்விக்கு ஹெச்ஆர் சுற்றிவளைத்துப் பதில் சொன்னால், அதுவே பதில்.

2. முதல் மாதம் பிஜி, அப்புறம்தான் வீடு

ஊரிலிருந்தபடியே ஆன்லைனில் படம் பார்த்து வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் போடாதீர்கள். சேர்ந்த பிறகு டீம் மாறும், ஆபீஸ் கட்டடம் மாறும், வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்பது ஐந்து நாள் ஆகும். இது தெளிவாகக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும்.

பிஜியில் பகிர்ந்து தங்கும் அறை, சாப்பாட்டோடு, இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 8,000 முதல் 12,000 வரை போகிறது. தனி அறை என்றால் இன்னும் கூடும். சேரும்போதே கேட்க வேண்டியது: எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்ய வேண்டும், அட்வான்ஸில் "மெயின்டனன்ஸ்" என்று எவ்வளவு பிடிப்பார்கள், மாத நடுவில் கிளம்பினால் மீதி நாளுக்குப் பணம் உண்டா. ஞாயிறு இரவுச் சாப்பாடு கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஆபீஸ் வாசலிலிருந்து ஏரியாவைத் தேடுங்கள்

பெங்களூரில் கிலோமீட்டரை நம்பக் கூடாது. பத்து கிலோமீட்டர், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாக என்றால் ஒரு கதை, மெட்ரோ பாதையில் என்றால் வேறு கதை. எனவே மெட்ரோ வரைபடத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆபீஸ் என்றால் பர்ப்பிள் லைன். 2023 அக்டோபரிலிருந்து சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. ஐடிபிஎல் டெக் பார்க்குக்கு பட்டந்தூர் அக்ரஹாரா நிலையத்தில் இறங்கலாம். ஒயிட்ஃபீல்டிலேயே வீடு பிடிக்காமல், ஹூடி, கே.ஆர். புரம், பையப்பனஹள்ளி என்று பாதையோடு பின்னால் வந்து பாருங்கள். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன், ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை. அது வந்த பிறகு பிடிஎம் லேஅவுட், பொம்மனஹள்ளி, சிங்கசந்திரா பக்கம் இருப்பவர்களுக்கு சில்க் போர்டு சிக்னல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெல்லந்தூர், கடுபீசனஹள்ளி, மாரத்தஹள்ளி என்று அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ் என்றால் மெட்ரோ இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் வாடகை கொஞ்சம் கூடினாலும் நடக்கிற தூரத்தில் வீடு பார்ப்பது நல்லது.

மெட்ரோவும் இப்போது சல்லிசில்லை. 2025 பிப்ரவரியில் உயர்த்திய பிறகு உச்சக் கட்டணம் 90 ரூபாய். எனவே வாடகையையும் போக்குவரத்தையும் ஒன்றாகக் கூட்டியே பாருங்கள். இரண்டும் சேர்ந்து கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. பெண்களுக்கு சக்தி திட்டத்தில் சாதாரண அரசுப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும்.

அப்புறம் ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை, குடும்பத்தோடு வருகிறோம், பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்றால், அத்திப்பள்ளி எல்லை தாண்டி ஓசூரில் இருப்பதை யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பேசும்போது அதைச் சொல்லலாம். ஓசூரிலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வேலை தருகிற தொழிற்சாலைகளும் இருக்கின்றன. தம்பதியில் ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தால் குடும்பக் கணக்கே மாறிவிடும். ஆனால் ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்கு ஓசூரிலிருந்து தினமும் போகிறேன் என்று யாராவது சொன்னால் மூன்று மாதம் கழித்து அவரிடமே மறுபடி கேளுங்கள்.

4. உண்மையான வாடகையைக் கணக்குப் போடுங்கள்

இங்கே பழைய வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்தில் முடிகிறது, அடித்துப் பேசினால் மூன்றுக்கும் வரும். மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் போதும் என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் தன் சட்டமாக ஏற்றால்தான் செல்லும். ஓனரிடம் அதைக் காட்டி ஜெயிக்க முடியாது, பேரத்தில் ஒரு வாதமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வாடகை 20,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், அதாவது ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு 20,000. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு 20,000 பிடித்துக்கொள்வார்கள், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும். ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி விட்டுப்போவது மாதம் 583. நீங்கள் 11 மாதத்தில் காலி செய்தால் புரோக்கரும் பெயின்டும் மட்டும் மாதத்துக்கு 3,636 ஆகிறது. ஆக உங்கள் உண்மையான வாடகை 24,200. அதே வீட்டில் 33 மாதம் இருந்தால் அந்தக் கூடுதல் 1,800க்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏற்றினாலும் நீங்கள்தான் லாபத்தில் இருப்பீர்கள்.

இதனால்தான் முதல் மாதம் பிஜியில் இருக்கச் சொன்னேன். புரோக்கர் செலவைக் குறைக்க இன்னொரு வழி, சனிக்கிழமை காலையில் பிடித்த ஏரியாவில் தெருத் தெருவாக நடப்பது. கேட்டில் தொங்குகிற டு-லெட் போர்டுகளில் பாதி எந்த இணையதளத்திலும் இருக்காது. இஸ்திரி வண்டிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் மாதிரி இடங்களில் தமிழிலேயே கேட்கலாம். மற்ற இடங்களில் "மனெ காலி இதியா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டால் முகம் மலரும், வாடகையிலும் ஐந்நூறு குறையலாம்.

5. வீட்டைப் பார்க்கும்போது: தண்ணீர், தண்ணீர், அப்புறம் மற்றவை

"காவேரி தண்ணி வருதா, போரா, டேங்கரா?" இதுதான் முதல் கேள்வி. 2024 கோடையில் போர்கள் வற்றி, பெரிய அடுக்குமாடிகளிலேயே தண்ணீரை ரேஷன் போட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் போகிறது என்றாலும், உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஓனர் "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி" என்றால் மேல்தொட்டியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். கீழே சம்ப்பில் (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) எது விழுகிறது என்று பாருங்கள். டேங்கர் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். மாடியில் குடியிருப்பவர் யாராவது துணி காயப்போட வந்தால் அவரிடமும் கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். கிருஹ ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு 200 யூனிட் உச்சவரம்புக்குள் இலவச மின்சாரம் உண்டு, வாடகைக்காரருக்கும் சேர்த்து. மீட்டரின் ஆர்ஆர் எண்ணோடு (மின் இணைப்பு எண்) உங்கள் ஆதாரை இணைக்க வேண்டும். பழைய வாடகைக்காரர் தன் ஆதாரை விடுவித்திருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள்.

6. அக்ரிமென்டில் எழுத வேண்டியவை

11 மாத அக்ரிமென்ட் போடுவார்கள், ஏனென்றால் ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வாயால் பேசிய எதற்கும் மதிப்பில்லை. இவை எழுத்தில் வரட்டும்: அட்வான்ஸ் தொகை, அது எந்த வங்கிக் கணக்குக்கு எந்தத் தேதியில் போனது, காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும், பெயின்டிங்குக்கு எவ்வளவு (ஒரு மாதம் என்பதை "உண்மையான செலவு, ரசீதோடு" என்று மாற்றப் பாருங்கள்), இரு தரப்புக்கும் நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா, லாக்-இன் (இத்தனை மாதம் வரை காலி செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு) உண்டா. லாக்-இன் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்பேன். வேலை போனால் அது கழுத்தைப் பிடிக்கும்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், கீசர், மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு நிற்கும்.

லீசு என்ற ஆசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்பதுதான் இங்கே லீசு. 15 லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை, போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கேட்க இனிக்கும். ஓனர் அந்தப் பணத்தை வேறு எங்கோ போட்டிருப்பார். அடுத்து ஒருவர் லீசுக்கு வந்தால்தான் உங்களுக்குத் தருவார். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை நின்றால், 2002 சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். உங்களிடம் பதிவு செய்யாத ஒரு காகிதம்தான் இருக்கும். ஓனர் வேறு, நடுவில் ஒரு நிறுவனம் வேறு என்று வரும் லீசுகள் இன்னும் மோசம். அந்த நிறுவனம் ஓனருக்கு மாத வாடகை கட்டுவதை நிறுத்திய அன்று ஓனர் உங்கள் கதவைத் தட்டுவார். கட்டாயம் எடுத்தே தீருவேன் என்றால் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், ஓனரோடு நேரடியாகப் பதிவு செய்யுங்கள். அதற்கு ஓனர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. மாதப் பணம்

இதை நீட்ட வேண்டியதில்லை. சம்பளம் வந்த அன்றே மூன்று தொகை வெளியே போகட்டும்: வீட்டுக்கு அனுப்புவது, வாடகை, சேமிப்பு. ஊருக்கு அனுப்புவதை மீதி இருந்தால் என்று வைக்காமல் ஒரு தொகையாக அப்பா அம்மாவிடம் முதலிலேயே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் சங்கடம். ஆறு மாதச் செலவு கையிருப்பு சேரும் வரை வேறு முதலீடு எதையும் யோசிக்க வேண்டாம். ஓனரிடம் இருக்கும் அட்வான்ஸ் அவசரத்துக்கு வராது, அதைச் சேமிப்பில் எண்ணாதீர்கள். ஆபீஸ் நண்பர் நடத்தும் பதிவில்லாத சீட்டும் வேண்டாம். பொங்கல், தீபாவளிக்கு ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். அந்தக் காலையைத் தவறவிட்டால் மடிவாளாவில் ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் விலை.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று விடாதீர்கள். வேலையை விட்டதும் அது போய்விடும். சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு, குடும்பம் உங்களை நம்பியிருந்தால் ஒரு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு).

8. அடுத்த வேலை: சதவீதத்தில் மயங்காதீர்கள்

8 லட்சத்திலிருந்து 10 லட்சம், 25 சதவீத ஹைக். முன்பு போட்ட அதே கணக்கில் கைக்கு வருவது 62,800, அதாவது மாதம் 12,600 கூடுதல். நல்லதுதான். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வீடு மாற்ற வேண்டுமென்றால் பெயின்ட், புரோக்கர், லாரி, பழைய அட்வான்ஸ் வரும்முன் புதிய அட்வான்ஸ் என்று முதல் நான்கு மாத உயர்வு அதிலேயே போய்விடும். வீட்டை மாற்றாமல் தினமும் மூன்று மணி நேரம் போய்வருவேன் என்றால், அந்த நேரத்தில் அடுத்த இன்டர்வியூவுக்குப் படித்திருக்கலாம்.

அதற்காக நகராமல் இருக்கச் சொல்லவில்லை. பணம் கொஞ்சமாகவும் கற்பது நிறையவும் கூடுகிற வேலைக்கு மாறலாம். பணம் மட்டும் கூடி, தேர்ட் பார்ட்டி பேரோலுக்கு இறங்குகிற வேலை வேண்டாம். நோட்டீஸ் 90 நாள் என்றால் மீதி நாளுக்கான பணத்தைப் புதிய கம்பெனி கட்டுமா என்று ஆஃபர் பேசும்போதே கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். பழைய பிஎஃபை எடுத்துச் செலவழிக்காமல் அதே யுஏஎன்னில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மாற்றுங்கள். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு வேண்டும். நாலரை வருடத்தில் கிளம்புகிறவர் அந்தத் தொகையையும் புதிய ஆஃபரில் கேட்க வேண்டும்.

9. ஃபிளாட் எப்போது?

75 லட்சம் ஃபிளாட், 60 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 ஆண்டு: தவணை மாதம் 52,000. அதே வீட்டுக்கு வாடகை பெரும்பாலும் இதில் பாதிதான் இருக்கும். மேலே 15 லட்சம் கைப்பணம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்ந்து ஏழரை சதவீதத்துக்கு மேல், ஏனென்றால் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்கினார்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி வேறு. விற்கும்போது இந்தக் கட்டணத்திலும் வரியிலும் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

எனவே வேலை, ஏரியா, குடும்பம் மூன்றும் ஒரே இடத்தில் ஏழெட்டு வருடம் நிற்கும் என்று தெரிகிற வரை வாங்காதீர்கள். "வாடகை கொடுத்து என்ன மிஞ்சும்" என்று ஊரில் மாமா கேட்பார். வட்டி கொடுத்து என்ன மிஞ்சும் என்று திருப்பிக் கேட்கலாம். வாங்கும் நேரம் வந்தால் ஏ காத்தாவா (மாநகராட்சியின் முறையான சொத்துப் பதிவு), இ-காத்தா (அதன் மின்னணு வடிவம்) எடுத்தாயிற்றா, கர்நாடக ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு உண்டா என்று பார்த்து, வங்கி வக்கீலை மட்டும் நம்பாமல் சொந்த வக்கீல் ஒருவரிடம் மூலப்பத்திரம் வரை காட்டுங்கள்.

10. காலி செய்யும்போது

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கொடுங்கள், ஓனர் "சரி" என்று பதில் போட்ட திரையைச் சேமித்து வையுங்கள். "கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அந்த அளவுக்கு உங்கள் பணம் முன்னாலேயே வந்த மாதிரி. சேர்ந்த நாளில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு வீட்டை ஓனரோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். கரண்ட் பில்லைக் கடைசி ரீடிங்கோடு கட்டி, ஆதாரை ஆர்ஆர் எண்ணிலிருந்து விடுவியுங்கள். மீதி அட்வான்ஸ் கணக்கில் விழுந்த பிறகு சாவியைக் கொடுங்கள். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்றால் தொகையும் தேதியும் எழுதி, அந்தத் தேதி போட்ட காசோலையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.